பங்கு போட்ட கை

கும்மிடிப்பூண்டி நடைமேடை. உருக்காலைப் புகை காலை வெயிலைத் தவிட்டு நிறமாக்குகிறது. பக்கத்தில் இருப்பவள் மடியில் டிபன் பாக்ஸைக் கவிழ்த்து, அதன்மேல் சீட்டுக்கட்டைக் கலைக்கிறாள். பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பெண். இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. மதியம் சென்னையில் அவளுக்கு நேர்முகத் தேர்வு. தேறிவிட்டால் உல்லாசக் கப்பலின் சூதாட்டக் கூடத்தில், பிளாக்ஜாக் மேசையில் சீட்டுப் போடலாம்.

"சார், ஒரு ஆட்டம் ஆடுறீங்களா? கை பழகணும். இருபத்தொண்ணுக்குக் கிட்ட வரணும், தாண்டிட்டா அவுட்டு. படச்சீட்டு பத்து. ஏஸு ஒண்ணு, இல்லாட்டி பதினொண்ணு. நீங்க எங்க வேணா நிறுத்தலாம். நானு பதினாறு வரிக்கும் எடுத்தே ஆவணும், பதினேழுல நின்னுடணும்."

என் கையில் பதினாறு. இன்னொரு சீட்டுக் கேட்கிறேன்.

"வேணாம் சார், தாண்டிடும்!" என்றவள் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். "த்தோ, இதான் பேஜாரு. ஆடறவங்களுக்கு நானு யோசனை சொல்லக்கூடாது. கரையில மீன் பங்கு போட்டுக்கினே வளந்த கை சார். யாருக்கனா கம்மியா வுழுந்தா மனசு கேக்காது. அங்க வாயத் தொறந்தா வேலை போச்சு."

ரயிலில் ஏறியும் ஆடுகிறோம். இப்போது எனக்குப் பதினைந்து. வேண்டுமென்றே இன்னொன்று கேட்கிறேன். அவள் உதடு துடிக்கிறது, திறக்கவில்லை. சீட்டை வைக்கிறாள். ராஜா. இருபத்தைந்து.

முகத்தில் ஒன்றும் காட்டாமல் சீட்டுகளை வாரி அடுக்குகிறாள். பொன்னேரி தாண்டுகிறது. அதற்குமேல் அவளால் முடியவில்லை.

"பாத்தீங்களா சார், நானு சொல்லவேயில்ல!"