குறி சொல்லாத சரோஜினியம்மா

செவ்வாய்க்கிழமை காலை அச்சகத்துத் தொலைபேசி அடித்தது. "நாமக்கல் எக்ஸ்சேஞ்சிலிருந்து பேசறனுங்க" என்றது ஒரு பெண் குரல். யாருடைய கல்யாணப் பத்திரிகைக்கோ அவசரம் போலிருக்கிறது என்று நினைத்தேன். "நம்ம சரோஜினியம்மா போயிட்டாங்க சார். விடியக்காலம் நெஞ்சுவலி. உங்களுக்குச் சொல்லோணும்னு..." மேலே பேச முடியாமல் அந்தப் பெண் அழுதுவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஐம்பத்தொன்று சாகிற வயதா? அடுத்த இதழுக்குத் தருவதாகச் சொன்ன கட்டுரையை இனி யார் எழுதுவது?

நம் இதழைத் தொடக்கத்திலிருந்து படிப்பவர்களுக்கு அவரைத் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன். சரோஜினியம்மா தொலைபேசி ஆபரேட்டர். படிப்பு பி.யு.சி.யோடு நின்றது. காதில் ஹெட்போனும் மடியில் ஆங்கிலப் புத்தகமுமாக, அமைப்பியல் என்ற ஒன்றைத் தானே படித்துக்கொண்டவர். ஒரு சொல்லின் அர்த்தம் அந்தச் சொல்லுக்குள் இல்லை, மற்றச் சொற்களிலிருந்து அது வேறுபடுவதில்தான் இருக்கிறது என்பது அதன் அடிப்படை. எனக்கு இது மண்டையில் ஏறவே இல்லை. ஒருநாள் இணைப்புக் கம்பி செருகும் எக்ஸ்சேஞ்ச் போர்டைக் காட்டிச் சொன்னார்: "நாலாம் நம்பர் ஓட்டைக்குன்னு தனியா ஒரு குணமும் இல்லீங்க எடிட்டரே. மூணும் இல்ல, அஞ்சும் இல்ல. அதுதான் அதோட குணம்." அட, இவ்வளவுதானா என்றிருந்தது.

அவருடைய முதல் கட்டுரையைச் சேலத்தில் ஒரு கல்லூரிப் பேராசிரியரிடம் காட்டினேன். "நல்லாத்தான் எழுதியிருக்காங்க. ஆனா இதெல்லாம் இங்கிலீஷ்ல படிக்கிற சங்கதி. தமிழ்ல சொன்னா ஒருத்தனுக்கும் விளங்காது. அதுவும் உங்க கொங்குத் தமிழ்ல!" என்று சிரித்தார். என் வாய் சும்மா இருக்குமா, அப்படியே போய்ச் சொல்லிவிட்டேன். சரோஜினியம்மா மடியிலிருந்த புத்தகத்தை மூடினார். பிறகு, "எங்க ஊர்லயே ஒரு கூட்டம் வைங்க. அவரே தலைமை தாங்கட்டும். சனத்துக்கு விளங்கலைன்னா நான் எழுதறதை நிறுத்திக்கறேன்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

அவர் ஊர் நாமகிரிப்பேட்டை. நோட்டீஸ் அச்சடித்தது நான். 'மொழியில் குறியும் பொருளும்' என்று தலைப்பு கொடுத்திருந்தார். குறி என்றால் சொல், பொருள் என்றால் அர்த்தம். பெரிய எழுத்தில் ஒரே வரியில் அடங்கவில்லை. 'மொழியில்' என்பதைத் தூக்கிவிட்டேன். மாரியம்மன் பண்டிகைக்கு வாங்கிய மஞ்சள் தாள் மிச்சமிருந்தது, அதிலேயே ஓட்டிவிட்டேன். 'குறியும் பொருளும். திருமதி சரோஜினி விளக்குவார். அனைவரும் வருக.' பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஊர்ப் படிப்பகம் கொள்ளாத கூட்டம். பார்த்தீர்களா என்பதுபோலப் பேராசிரியரைப் பார்த்தேன். அப்போதுதான் முன்வரிசையிலிருந்த பெரியவர் மடியில் வெற்றிலையும் எலுமிச்சம்பழமும் வைத்திருந்தது கண்ணில் பட்டது. அவருக்குப் பக்கத்திலிருந்த இராமாயி என்ற அம்மாள் என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்க, அம்மா எப்பங்க குறி சொல்லுவாங்க? எங்க எருமை காணாமப் போயி ஒம்பது நாளாச்சுங்க."

நோட்டீசை எடுத்துப் பார்த்தேன். இவர்களுக்குக் குறி என்றால் உடுக்கடித்துக் கோடாங்கி சொல்லும் குறி. பொருள் என்றால் காணாமல் போன பொருள். நான் அச்சடித்தது அதைத்தான்! பேராசிரியர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கூட்டத்தைக் கலைத்துவிடலாம் என்று எழுந்தேன். சரோஜினியம்மா என்னை உட்காரச் சொல்லிவிட்டு, மூன்று மாதம் உழைத்து எழுதிய கட்டுரையை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"நான் குறி சொல்றவ இல்லீங்க. குறி எப்படிச் சொல்லுதுன்னு சொல்றவ. எருமையக் கண்டுபுடிக்க என்னால ஆகாது. போறவங்க போலாம், ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றார். பாதிப் பேர் எழுந்து போனார்கள். இராமாயி போகவில்லை.

"இந்த நோட்டீசப் பாத்ததும் கோயில் சமாச்சாரம்னு எப்படிங்க முடிவு பண்ணுனீங்க?" என்று இராமாயியைக் கேட்டார் சரோஜினியம்மா.

"மஞ்சத் தாளுங்களே சாமி."

"வெள்ளைத் தாளா இருந்திருந்தா?"

"ரேசன் கடைச் சேதின்னு நெனச்சிருப்பனுங்க."

"செவப்பா இருந்திருந்தா?"

"கட்சிக்காரங்க கூட்டமுங்க. வந்தே இருக்க மாட்டேன்."

படிப்பகம் முழுக்கச் சிரித்தது. "எழுத்து அதேதான். தாள் மாறுனா சேதி மாறுது. மஞ்சளுக்குள்ள கோயில் இல்லீங்க. வெள்ளையும் செவப்பும் வேற வேலைக்குப் போயிட்டதால மஞ்சள் கோயிலுக்கு வந்திருக்கு. சொல்லும் அப்படித்தான்" என்றார் சரோஜினியம்மா.

இராமாயி சற்று யோசித்தார். "அப்ப எருமை மணியும் அப்படித்தானுங்க. எங்க மணி எதுன்னு கேட்டா, பக்கத்தூட்டு மணி மாதிரி இல்லாததுன்னுதான் சொல்லோணும்."

பேராசிரியர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சட்டைப்பையிலிருந்து டைரியை எடுத்து எழுதிக்கொண்டார். நான் கண்ணால் பார்த்தேன்! கூட்டம் முடிந்ததும், "எங்க காலேஜுக்கு வந்து பேசுங்கம்மா. இங்கிலீஷ்ல பேசினா நல்லாருக்கும்" என்றார். "தமிழ்லன்னா வாரேனுங்க" என்றார் இவர். தமிழிலேயே பேசினார். எருமை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை.

அந்தப் பேச்சு கட்டுரையாக நம் இதழில் வந்து ஊரெல்லாம் பேசப்பட்டது. போகிற இடமெல்லாம் நான் பீற்றிக்கொண்டேன். சில வருடம் கழித்து, அதே கட்டுரையை மறுத்து இன்னொன்று எழுதிக்கொண்டு அம்மாபேட்டையில் இருக்கும் என் அச்சகத்துக்கே வந்துவிட்டார். அப்போது, அமைப்பியலையே கேள்வி கேட்கும் பின்அமைப்பியலைப் படித்துக்கொண்டிருந்தார். "வெள்ளையும் செவப்பும் இருக்கறதால மஞ்சளுக்கு அர்த்தம்னு சொன்னேன். வெள்ளைக்கு அர்த்தம் எங்கிருந்துங்க வருது? இன்னொண்ணுகிட்ட இருந்து. அதுக்கு? இன்னொண்ணு. எங்கியும் போயி நிக்க மாட்டேங்குது. நிக்கற மாதிரி நான் காட்டிப்போட்டேன். அன்னிக்குக் கூட்டத்துக்கு வந்தவங்க நோட்டீசத் தப்பாப் படிச்சாங்கன்னு வேற நெனச்சுட்டேன். அவங்க படிச்சதும் படிப்புதான். அச்சடிச்ச உங்களுக்கு மட்டும் அது சொந்தமா?"

இரண்டு மாதம் போடாமல் இழுத்தடித்தேன். நல்ல பெயரை நாமே கெடுத்துக்கொள்வதா என்று மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தினேன். அவரும் கத்தினார். "என்னைத் திட்டறதுக்கு எனக்கே உரிமை இல்லீங்களா எடிட்டரே?" போட்டேன். சும்மா சொல்லக்கூடாது, முதலாவதைவிட அதுதான் நல்ல கட்டுரை. இவ்வளவு நெஞ்சழுத்தம் நான் வேறு யாரிடமும் கண்டதில்லை.

போன வருடம் கல்லூரிக் கருத்தரங்கு ஒன்றுக்கு இருவரும் போயிருந்தோம். ஒரு மாணவி கையில் காகிதம்கூட இல்லாமல், நம் பக்கத்துப் பேச்சிலேயே அரைமணி நேரம் அமைப்பியலை விளக்கியது. இங்கிலீஷில் சொல் என்று ஒருவரும் கேட்கவில்லை. பாதி வாக்கியங்கள் சரோஜினியம்மாவுடையவை. ஆனால் அவர் பெயரை அந்தப் பெண் சொல்லவில்லை, தெரிந்திருக்கவும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. எழப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார். "உடுங்க எடிட்டரே. யாரு சொன்னதுன்னு தெரியாமப் பொழங்குதுன்னா, அது தமிழாயிடுச்சுங்க" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அந்தச் சந்தோஷத்தைத்தான் அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்கிறேன். அன்று அவர் பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டேன். இன்று கேட்கப் போவதில்லை. அந்த மாணவி எங்கிருந்தாலும் இதைப் படிக்கட்டும்: அம்மிணி, நீ பேசிய அந்தத் தமிழுக்குச் சரோஜினி என்று பெயர்.