இல்லாத மாமா வீடு

தங்கையின் எக்ஸ்ரேயில் ஒரு நிழல் தெரிகிறது என்று கொழும்பிலிருந்து செய்தி வந்த பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. மெரிலேண்ட்ஸில் பஸ் ஏறிப் பரமட்டாவுக்குப் போய், பழைய வெள்ளைக்காரக் குடியேறிகளின் மயானத்தைச் சுற்றி வருவேன். பென்ஷன்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. புருஷனை இழந்த அவளை யுத்தம் கொழும்பில் ஒரு வாடகை அறைக்குள் தள்ளியிருந்தது. என்னிடம் வர விசா வேண்டும்; விசாவுக்கு நெஞ்சு சுத்தமாக இருக்க வேண்டும். நான் இலங்கையில் சுகாதார இலாகா நிர்வாகத்தில் இருந்தவன். ஒரு கோப்பு எந்த மேசைக்குப் பிறகு எந்த மேசைக்குப் போகும் என்று தூக்கத்திலும் சொல்வேன். நுரையீரலில் பழைய தழும்பு இருப்பது பெரிய சிக்கல் அல்ல. முன்பு சயரோகம் இருந்ததா என்று விசாவுக்குச் சோதித்த டொக்டர் கேட்டபோது அவள் இல்லை என்றாளே, அதுதான் சிக்கல்.

இளம் வயதில் அவள் கடலோர ஆஸ்பத்திரி ஒன்றில் மாதக்கணக்கில் கிடந்தாள். கண்டியில் மாமா வீட்டில் நின்று படிக்கிறாள் என்று ஊருக்குச் சொன்னோம். எங்களுக்குக் கண்டியில் மாமா கிடையாது. உண்மை தெரிந்தால் அவளுக்கு மட்டுமல்ல, குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்கும் மாப்பிள்ளை வராது. பிறகு கலியாணம் நடந்தது. அவள் புருஷன் கண்டிக் குளிரைப் பற்றி அவளிடம் விசாரித்து விசாரித்தே காலமானார்.

மயானத்தில் இருப்பவர்களுக்கு எக்ஸ்ரே தொல்லை இருக்கவில்லை. அந்தக் காலத்தில் இங்கிலாந்து டொக்டர்களே இருமுகிறவர்களைக் கப்பலேற்றினார்கள். இந்த நாட்டுக் காற்று நெஞ்சுக்கு நல்லதாம். ஆனால் கல்லறைகளில் நோயின் பெயர் இல்லை. நீண்ட சுகவீனத்தைப் பொறுமையோடு தாங்கியதாகவே எழுதியிருக்கிறது. இருபதைத் தாண்டாத பெண்களுக்கும் அதேதான்.

ஒருநாள் அங்கிருந்து திரும்பிய பின்னேரம் தங்கைக்குப் போன் எடுத்தேன்.

“டொக்டரிட்டைப் போய் உண்மையைச் சொல்லு. சளியைச் சோதிப்பினம். கிருமி இல்லையெண்டா விடுவினம்.”

“அண்ணை, அந்த டொக்டரின்ர மனிசி எங்கட ஊர்.”

“இனி உனக்கு ஆர் மாப்பிள்ளை பாக்கப் போகினம்?”

“எனக்கில்லை. உங்கட மகளுக்குப் பேசுறியள் எல்லோ.”

உண்மைதான். இங்கே ஹோம்புஷில் ஒரு மாப்பிள்ளை வீட்டாரோடு பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் நின்ற என் மனைவி மெதுவாக, “இஞ்சாருங்கோ, அவ சொல்லுறதிலயும்…” என்று தொடங்கினாள்.

“நீ உண்மையைச் சொல்லு,” என்றேன் போனில் தங்கையிடம். மனைவி குசினிக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டத் தொடங்கினாள்.

தங்கை டொக்டரிடம் சொன்னாள். சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க வாரக்கணக்காகும். நான் அதற்குள் மயானத்துப் பெயர்களைப் பாடமாக்கிவிட்டேன். ஹோம்புஷ்காரர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். காரணம் அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மகள் மட்டும் “குட்” என்றாள்.

கிருமி வளரவில்லை. தங்கை வந்து சேர்ந்தாள். நான் இத்தனை நாள் எங்கே போய் நின்றேன் என்று பார்க்க ஆசைப்பட்டாள், கூட்டிப்போனேன். ஒரு இளம்பெண்ணின் கல்லறை முன் நின்று, எழுதியிருந்ததை ஒருதரம் வாசிக்கும்படி என்னிடம் சொன்னாள்.

“நீண்ட சுகவீனம்,” என்றேன்.

“ஓம், ஓம்,” என்றாள். “இவவும் கண்டியிலதான் நிண்டிருக்கிறா.”