கையில் இருந்தது ஜின் அல்ல, நரம்பு

என் இடது கையில் ஜின் குடியிருப்பதாகச் சொன்ன ஆளுக்குக் கை என்றால் என்னவென்றே தெரியாது. விரல் நுனிக்கு நரம்பு எந்த வழியாகப் போகிறது என்று கேட்டிருந்தால் கூரையைப் பார்த்திருப்பார். ஆனால் நான் கேட்கவில்லை. நான் விஞ்ஞான ஆசிரியை. நரம்புத் தொகுதியை வருடா வருடம் கரும்பலகையில் வரைந்து படிப்பிப்பவள். அப்படிப்பட்ட நான் அந்த ஆளின் முன்னால் பாயில் உட்கார்ந்து கையை நீட்டினேன். ஆகவே, சகோதரிகளே, இந்தக் கதையில் நான் இகழப்போகிறவர்களில் முதல் ஆள் நானேதான்.

மாரி மழை தொடங்கிய நாட்கள். எங்கள் ஊர் நற்பிட்டிமுனையிலிருந்து கல்முனைக்குப் பள்ளிக்கூடம் போகும்போது ஸ்கூட்டி சறுக்கி விழுந்தேன். மணிக்கட்டு முறிந்தது. ஆறு கிழமை, ஒன்றரை மாதம், பிளாஸ்டர் போட்டார்கள். கழற்றியபோது எலும்பு அழகாகப் பொருந்தியிருந்தது. அன்றுதான் வலி தொடங்கியது.

அதை எப்படிச் சொல்வேன்? கொதிக்கும் எண்ணெய்க்குள் கையை முக்கி வைத்தது போல. ஹபாயாவின் கை நுனி உரசினால் துடிப்பேன். மின்விசிறிக் காற்றுப் பட்டால் அழுவேன். கை வீங்கி, பளபளத்து, நாவல்பழ நிறமாகிவிட்டது. தொழுகைக்கு முன் வுழூச் செய்யத் தண்ணீர் ஊற்றினால் நெருப்பை ஊற்றியது போல இருக்கும். சுஜூதில் நெற்றி வைக்கும்போது உள்ளங்கையைத் தரையில் வைக்க முடியாது. நாற்பத்திரண்டு வயதில் கதிரையில் உட்கார்ந்து தொழுதேன்.

பிறகு ஊர்ப் பொம்பிளைகள் நோய் விசாரிக்க வந்தார்கள். தேத்தண்ணீர் குடித்தார்கள், பிஸ்கட் தின்றார்கள், ஆளுக்கொரு நோயின் பெயர் சொன்னார்கள். ஒருத்திக்கு அது கண்ணூறு. இன்னொருத்திக்கு அது வேலைக் கள்ளம். மூன்றாமவள், பொம்பிளை ஸ்கூட்டி ஓடியதற்குக் கிடைத்த தண்டனை என்றாள். அல்லாஹ்வின் தீர்ப்புகள் எல்லாம் இவள் கையெழுத்து வைத்த பிறகுதான் வெளியாகும் போலிருந்தது அந்தப் பேச்சு. அவள் கணவன் ஓடும் மோட்டார் சைக்கிள் எத்தனை முறை வாய்க்காலுக்குள் போனது என்பது ஊருக்கே தெரியும்.

வீட்டிலும் அதே கதைதான். என் மாமி, அதாவது கணவரின் உம்மா, குசினிக்குள் நின்று எனக்குக் கேட்கும்படி சொல்வார்.

"சோறாக்கத்தான் கை ஏலாது. போன் பார்க்க ஏலும்."

போனை நான் வலது கையில்தான் பிடித்திருந்தேன். அதைச் சொல்லவும் எனக்குத் தெம்பிருக்கவில்லை. என் கணவர் உரக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். அந்த மாதங்களில் அவர் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் ஒருத்தி எரிந்துகொண்டிருக்கும்போது வாய்மூடி இருக்கும் நல்ல மனிதர்கள் மீது எனக்கு இன்றைக்கும் மரியாதை வரவில்லை. இதை அவரிடமே சொல்லிவிட்டேன்.

அந்த ஓதிப்பார்க்கும் ஆளிடம் என்னைக் கூட்டிப்போனது மாமிதான். ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். குர்ஆனில் ஷிபா இருக்கிறது, அதை ஓதினால் நோய் ஆறும் என்பதை நான் நம்புகிறேன். அதை விரித்து வைத்துக் கடை நடத்துகிறவனைத்தான் நம்பவில்லை. அசர் தொழுகைக்குப் பிறகு போனோம். அத்தர் வாசனை மூக்கை அடைத்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் என் இடது கையைப் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கினார். நான் வீடதிரக் கத்தினேன்.

அவர் மாமியைப் பார்த்துச் சிரித்தார். "பார்த்தீங்களா? கத்துறது இவ இல்ல. உள்ள இரிக்கிறது கத்துது."

மாமி வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார். ஓதிப்பார்ப்பவர் இன்னொரு தடவை முறுக்கப் போனார். அப்போது, கூடவே வந்து கதவடியில் நின்ற என் கணவர் உள்ளே வந்து அந்த ஆளின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கைய விடுங்க."

பல மாதங்களுக்குப் பிறகு அவர் எனக்காகப் பேசிய இரண்டு சொற்கள்.

அன்று மஃரிப் தொழுதுவிட்டுக் கதிரையிலேயே இருந்தேன். துஆவுக்கு ஒரு கையைத்தான் ஏந்த முடிந்தது. வலியை எடு என்று கேட்கக்கூட எனக்குத் துணிவு வரவில்லை. "யா அல்லாஹ், என்னைப் பொய்க்காரி என்று நினைக்காத ஒரே ஒரு ஆளை அனுப்பு" என்றுதான் கேட்டேன். அழுதழுது கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் என் கணவர், எனக்குச் சொல்லாமலே தான் விசாரித்து வைத்திருந்த ஓர் இயன்மருத்துவரிடம் என்னைக் கூட்டிப்போனார். ஜெயந்தி மிஸ். கல்முனை மெதடிஸ்தப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவர். என் கையைப் பார்த்தார். தொடவில்லை.

"டீச்சர், தொடலாமா?"

"வேணாம்."

"சரி, தொடமாட்டன். நோவுது எண்டு நீங்க சொன்னாப் போதும். அது உண்மைதான்."

மேசையில் தலையை வைத்து அழுதேன். நான் கேட்ட ஆள் வந்துவிட்டார். பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். விழுந்தபோது நரம்பும் அடிபட்டிருக்கிறது. "கை ஆறிட்டு டீச்சர். மூளைக்கு அது இன்னும் தெரியல்ல."

என் பாடப்புத்தகத்தில் இருந்த விஷயம்தான். ஓதி ஊதிக் கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்த எனக்கு அதை இன்னொருவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

அவர் எழுதித் தந்த கடிதத்தோடு கொழும்புக்குப் போனோம். அங்குள்ள டொக்டர் பரிசோதித்துவிட்டு, மண்டைக்கு வெளியே இருந்து காந்தத்தால் மூளையைத் தூண்டும் சிகிச்சை ஒன்று இருக்கிறது என்றார். வெட்டில்லை, ஊசியில்லை. தலைக்குள் உலோகம் இருக்கிறதா, வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டார். "எல்லாருக்கும் சரிவரும் எண்டு சொல்லமாட்டன். முழுக்கப் போகும் எண்டும் சொல்லமாட்டன்" என்றார். நோய் தீரும் என்று சத்தியம் பண்ணாத முதல் ஆள் இவர்தான். அதனாலேயே இவரை நம்பினேன்.

சாய்வுக் கதிரையில் உட்கார வைத்தார்கள். ஒரு பெண் ஊழியர் மட்டும் நின்று, முக்காட்டை விலக்கி, ‘8’ வடிவக் கருவியைத் தலையின் வலப்பக்கம் பிடித்தார். டக்கென்று ஒரு சத்தம். என் இடது பெருவிரல் தானாகத் துள்ளியது. இடம் அதுதான் என்றார். பிறகு மரங்கொத்தி கொத்துவது போல, விட்டு விட்டு, இருபது நிமிடம். காதில் அடைப்பான், கொஞ்சம் தலையிடி. அவ்வளவுதான். முடிந்ததும் கண்ணாடிப் பெட்டிப் பயிற்சி. வலது கையை அசைத்து, கண்ணாடியில் அதை இடது கையாகப் பார்க்க வேண்டும்.

ஊரில் என் சாதிசனம் சும்மா இருக்குமா? மெசினுக்கு முடியைக் காட்டினாளாம். கிறிஸ்தவப் பெண்ணின் பேச்சைக் கேட்டு ஈமானை விற்றாளாம். என் கையை ஓர் அந்நிய ஆண் முறுக்கியபோது இவர்களுடைய ஈமானுக்கு ஒன்றும் ஆகவில்லை!

கொழும்பிலேயே தங்கி நாள்தோறும் அந்தக் கதிரையில் உட்கார்ந்தேன்; முதல் கிழமை ஒரு மாற்றமும் இல்லை. அந்த மெசினையும் இகழத் தொடங்கினேன். இரண்டாம் கிழமையில் ஒரு வியாழன், லுஹர் தொழுகைக்கு வுழூச் செய்யக் குழாயைத் திறந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினேன். தண்ணீர் விழுந்தது. அது தண்ணீராகவே இருந்தது. குளிர்ந்த, சாதாரணத் தண்ணீர். குழாயை மூட மனம் வராமல் நின்றேன்.

ஊருக்கு வந்த பிறகு ஜெயந்தி மிஸ்ஸிடம் மாதக்கணக்கில் பயிற்சி. முதலில் பஞ்சால் தடவினார், பிறகு துவாயால். கடைசியில் ஒரு பேசன் நெல்லுக்குள் விரல்களை விட்டுத் துழாவச் சொன்னார். வலித்தது, திட்டினேன், செய்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நாள், கதிரையை ஒதுக்கிவிட்டுத் தரையில் நின்று தொழுதேன். இரண்டு உள்ளங்கைகளையும் பாயில் வைத்தேன். சுஜூதிலிருந்து எழும்ப எனக்கு அவசரமில்லை.

வலி முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் நான் அந்த அத்தர்க்காரனைவிடக் கேவலமானவள். மழை இருட்டினால் கை உளையும். இடைக்கிடை கொழும்புக்குப் போய் அந்தக் கதிரையில் உட்காருகிறேன். ஆனால் சோறாக்குகிறேன், ஸ்கூட்டியும் ஓடுகிறேன்.

பள்ளிக்கூடம் திரும்பிய முதல் நாள் ஒரு மாணவியைத் தேடிப்போனேன். போன வருடம் வயிற்றுவலி என்று மேசையில் குப்புறப் படுத்தவளை, "நடிக்காதே" என்று வகுப்பின் முன்னால் எழுப்பி நிறுத்தியிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் பயந்துபோய், "பரவாயில்ல டீச்சர்" என்றாள். பரவாயில்லை என்று விடக்கூடிய காரியமில்லை அது.

போன மாதம் ஒரு பின்னேரம். நான் கையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். மாமி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"புள்ள... என்ட ரெண்டு காலும் எரியுது."

"எப்ப இரிந்து மாமி?"

"ரெண்டு வருசமா. சீனி வருத்தம் வந்த நாளையில இரிந்து. சொன்னா நடிப்பு எண்டுவாங்க எண்டு ஒருத்தருக்கும் சொல்லல்ல."

சொல்வதற்கு என் வாயில் எத்தனையோ சுடுசொற்கள் காத்திருந்தன. அவற்றை விழுங்கிவிட்டு, கையைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். நான் எரிந்துகொண்டிருந்தபோது இந்தப் பொம்பிளையும் குசினிக்குள் எரிந்துகொண்டுதான் நின்றிருக்கிறார். மறுநாள் காலையில் அவரை ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு நீரிழிவு கிளினிக்குக்குப் போனேன். வழி நெடுக என் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டு, சாகப்போகிறவர் போலக் கலிமா சொன்னார். என் ஓட்டத்தில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை!

சகோதரிகளே, உங்களில் யாருக்காவது இப்படி ஒரு வலி இருந்தால், முதலில் அல்லாஹ்விடம் கையேந்துங்கள். ஒரு கைதான் எழும்பும் என்றால் ஒரு கையை ஏந்துங்கள். பிறகு எழும்பி டொக்டரிடம் போங்கள். பதில் எந்த வாசலால் வரும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். விசாரிக்க வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அல்ஹம்துலில்லாஹ், என்னைப் படைத்தவன் என்னை ஒரு நாளும் பொய்க்காரி என்று நினைக்கவில்லை.