ஆயம்மா நிரப்பிய படிவங்கள்

தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவனாக இருந்த காலத்தில் நான் தேதி போடாமல் ஒரு வரியும் எழுதியதில்லை. யாருக்கு எந்தக் கிழமை காய்ச்சல் தொடங்கியது, யாருக்குக் கால் வீங்கியது, யார் எந்த மழையில் இறந்தார் என்று தொண்ணூறுகள் முழுவதும் எழுதிய குறிப்பேடுகள் ஒரு தகரப்பெட்டி நிறைய இருந்தன. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில், இதய நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வொன்றுக்காகக் கண்டியிலிருந்து ஒரு பெண் டொக்டர் வந்தார். அவர் தேடி வந்த ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். அன்று சலவைச் சட்டை போட்டிருந்தேன்.

சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டவர்கள், மாரடைப்பில் பிழைத்தவர்கள், இதயம் தளர்ந்து மூச்சு வாங்குபவர்கள் எல்லோரையும் மாதம் ஒருமுறை வீட்டில் போய்ப் பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டும். மிக மோசமானவர்களை வேனில் கண்டிக்கு ஏற்றிப் போய் ஸ்கேன் எடுத்து, முடிந்தால் வால்வைச் சரிசெய்வார்கள். டொக்டர் என் குறிப்பேடுகளைப் புரட்டி, "நல்ல கையெழுத்து" என்றார். படிவங்களைப் பிள்ளைக்காம்பரா ஆயம்மாவிடம் கொடுத்தார். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள் அவள். எட்டாம் வகுப்போடு நின்றவள்.

காரணம் என் கண்ணெதிரிலேயே நடந்தது. படிவத்தில், "எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறீர்கள்?" என்று ஒரு கேள்வி. நெஞ்சில் நீர் கோத்தவர்களால் தலையை உயர்த்தாமல் படுக்க முடியாது. ஆயம்மா சிரித்துவிட்டாள்.

"தலகாணிக்கு எங்க போறது டொக்டரம்மா? படங்கத்தான் மடிச்சு வைப்பாங்க. எத்தன மடிப்புன்னு கேட்டா டக்குனு சொல்லுவாங்க."

படங்கு, கொழுந்து எடுக்கும்போது பெண்கள் இடுப்பில் கட்டும் சாக்கு. டொக்டர் அந்த இடத்திலேயே கேள்வியைத் திருத்தினார். இத்தனை வருடம் நோயாளிகளைப் பார்த்த எனக்கு அது தோன்றவில்லை. அன்றைய குறிப்பில் நான் எழுதியது: "மழை. விசேஷம் ஒன்றுமில்லை."

அதன் பிறகு பிழை தேட ஆரம்பித்தேன். நிரப்பிய படிவங்கள் மாதக் கடைசியில் டிஸ்பென்சரிக்கு வரும். ஒவ்வொன்றாக வாசிப்பேன். நாலாம் மாதம் சிக்கியது. மேட்டு வீட்டு வரிசையான மேல் லயத்துப் பெண் ஒருத்தியைப் பற்றி, "பத்தடி நடக்க ஏலாது. நாலு மடிப்பு. உட்கார்ந்தே தூங்குறாங்க" என்று இருந்தது. ஏதோ சாக்குச் சொல்லி ஆபீசுக்குப் போய், வேலைக்கு வந்தவர்களைப் பதியும் செக்ரோலைப் பார்த்தேன். அந்த மாதம் அநேகமாக எல்லா நாளும் அவள் பெயரில் வேலை விழுந்திருந்தது. சந்தோஷத்தில் குடையை அங்கேயே மறந்துவிட்டு நனைந்தபடி வந்தேன்.

டொக்டர் வந்ததும் படிவத்தையும் செக்ரோலிலிருந்து நான் குறித்து வந்த நாட்களையும் அருகருகே வைத்துக் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது. அந்த வார வேன் பட்டியலில் அவள் பெயரை வெட்டினார். வேன் அவள் இல்லாமல் போனது.

மறுநாள் ஆயம்மா டிஸ்பென்சரிக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"ஐயா, அது அவங்க எடுத்த கொழுந்து இல்ல. மகதான் அம்மா பேர்ல வேலைக்குப் போகுது. செக்ரோல்ல பேர வெட்டிட்டா தோட்டம் குடுத்த காம்பராவ விடணும்னு பயம். காலையில ஆள் எடுக்குற பெரட்டுல கங்காணியே தெரிஞ்சுதான் அம்மா பேரக் கூப்பிடுறாரு. லயத்துக்கே தெரியும். ஒங்களுக்குத் தெரியாதா?"

"செக்ரோல்ல இருந்துச்சே."

"செக்ரோலுக்கு மூச்சு வாங்குமா? ஒரு எட்டு மேல ஏறி வந்து பாத்திருக்கலாமுல்ல? இத ஆபீசுல மட்டும் சொல்லிராதீங்க. கும்புட்டுக் கேக்குறேன்."

ஏறினேன். அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. முதுகுக்குப் பின்னால் படங்கு, நாலு மடிப்பு.

"வாங்கய்யா," என்றாள். ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, "உக்காருங்க" என்றாள்.

அன்றே டொக்டருக்குக் கடிதம் எழுதினேன். தவறு என்னுடையது, படிவம் சரி, பெயர் விஷயம் ஆபீசுக்குப் போகக் கூடாது என்று எழுதினேன். மன்னிப்புக் கேட்கும்போதும் ஆங்கிலம் அழகாக இருக்கிறதா என்று இரண்டு தடவை திருத்தினேன்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. உறை மேல் ஆயம்மாவின் பெயர். கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால் என்னிடமே கொண்டுவந்தாள். வியாழக்கிழமை வேன், குடிக்கிற மாத்திரைகளோடு வரவும், துணைக்கு மகள் வரலாம். அதன் கீழே, உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் பெயரை வெட்டியது என் பிழை, உங்கள் படிவங்களைப் போல நம்பத்தக்கவை இந்த ஆய்வில் வேறு இல்லை என்று எழுதியிருந்தது.

வேன் விஷயத்தை உரக்க வாசித்தேன், கிழமையை இரண்டு தடவை.

"அவ்வளவுதானா ஐயா? கடுதாசி நீளமா இருக்கே?"

"இங்கிலீசுல அப்படித்தான் நீட்டி எழுதுவாங்க."

சிரித்தபடி அதை மடித்துக்கொண்டு மேல் லயத்துக்கு ஓடினாள். வியாழக்கிழமை அந்தப் பெண் போனாள். சுருங்கிய வால்வைப் பலூன் வைத்து விரித்தார்கள். இரண்டு மாதத்தில் குழாயடி வரை நடந்தாள். அதைத் தேதியோடு குறித்து வைத்தேன். கடிதத்தின் கடைசி வரியை ஆயம்மாவுக்கு நான் வாசிக்கவே இல்லை.