தனி அறை கேட்டேன், திரைச்சீலை கொடுத்தார்

அன்பான சபையாரே, நான் சாட்சி சொல்ல எழுந்தாலே நீங்கள் சிரிக்கத் தயாராகிவிடுவீர்கள். தப்பு உங்கள்மேல் இல்லை, பழக்கிவிட்டது நான்தான். இன்றைக்கும் சிரியுங்கள். நடுநடுவே மூச்சு விட மறந்துவிடாதீர்கள். நான் கொஞ்ச நேரம் விட முடியாமல் கிடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

போன ஈஸ்டர் முடிந்த வாரம் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஷாலினி போன் செய்தாள். என் மெடிக்கல் கார்டுக்கு, அதுதான் ஆஸ்பத்திரிச் செலவு இன்சூரன்சுக்கு, பிரீமியம் மறுபடியும் ஏறுகிறதாம். ரிட்டயர் ஆனபின் என் வீட்டில் ஏறியது பிரஷரும் சர்க்கரையும் மட்டும்தான், பென்ஷன் அசையவில்லை.

"என்னம்மா, கம்பெனி கஷ்டத்துல இருக்கா? வேணும்னா ஜெபம் பண்றேன்."

"கம்பெனி தாக்குப்பிடிக்கும் அங்கிள். ஆஸ்பத்திரி பில் ஏறுது, கம்பெனியும் பிரீமியத்த ஏத்துது. நீங்கதான் தாக்குப்பிடிக்கணும். கார்ட மட்டும் விட்டுறாதீங்க லா, இந்த வயசுல புதுசா யாரும் எடுக்க மாட்டாங்க. சின்ன பிளானுக்கு மாறிடுங்க. பில்லுல ஒரு பங்கு நீங்க கட்டணும். தனி ரூம் இல்ல, நாலு பேர் ரூம்."

நாலு பேர் ரூம் என்றதும்தான் எனக்கு வலித்தது.

என் மனைவி கர்த்தரிடம் போய்விட்டாள். மகன் வெளிநாட்டில், பெர்த்தில். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் நானும் ஒரு பழைய ஐஸ்பெட்டியும். என் ஜோக்குக்கு அது மட்டும்தான் லேசாகக் கனைக்கும். தனி அறையில் படுத்தால், என்னைப் பார்க்க ஆள் வராதது எனக்கும் நர்சுக்கும் மட்டும் தெரியும். நாலு பேர் அறையில் மூன்று குடும்பங்களுக்குத் தெரிந்துவிடுமே!

வீட்டு ஜெபக்கூட்டத்தில், "என் தனி ரூமுக்காக ஜெபம் பண்ணுங்க" என்று கேட்டேன். "பரலோகத்துல புக் பண்ணியாச்சு அங்கிள்" என்றார் ஒரு தம்பி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்று அழுதேன். "ஆண்டவரே, என் தனிமையை ஊர் பார்க்க விரித்துப் போட்டுவிடாதேயும்."

பதில் வரவில்லை. சின்ன பிளானுக்கு மாறினேன்.

சில மாதத்தில் பித்தப்பையில் கல், காய்ச்சல். கார்டு செல்லும் ஆஸ்பத்திரிகளில், ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் கிள்ளானில்தான் கட்டில் கிடைத்தது. நாலு கட்டில், நடுவில் திரைச்சீலை. பார்வையாளர் நேரம் வந்ததும் திரையை இழுத்துவிட்டுத் தூங்குவதுபோல் படுத்துக்கொண்டேன். யாரும் சந்தேகப்படக்கூடாதென்று குறட்டை வேறு விட்டேன்.

குடும்பங்கள் போனபின் பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல். "அண்ணே, குறட்டை சரியா வரல. இன்னும் கொஞ்சம் உள்ள இழுக்கணும்."

அவர்தான் காதர் பாய். கிள்ளானில் துணிக்கடை வைத்திருப்பவர், காலில் புண். மாட்டிக்கொண்ட பிறகு என்ன நடிப்பு? பேச ஆரம்பித்தேன். மறுநாள் மத்தியானம்வரை நிறுத்தவில்லை.

அன்று மத்தியானம் புது மருந்து ஏற்றினார்கள். நர்ஸ் மிஸ்ஸி போனதும், திரைக்கு இந்தப் பக்கமிருந்து, கல்யாணத்தன்று கோட்டும் மாலையுமாக நான் தப்பான ரயிலில் ஏறிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதை உச்சத்துக்கு வரும்போது நாக்கு தடித்தது. தொண்டை அடைத்தது. மணியடிக்கும் பொத்தான் கட்டிலுக்குக் கீழே தொங்குகிறது, கை எட்டவில்லை. "இயேசுவே" என்று மனதில்தான் சொல்ல முடிந்தது. அதைவிடச் சின்ன ஜெபம் நான் செய்ததே இல்லை.

திரைக்கு அந்தப் பக்கம், "அப்புறம்?" என்றார் பாய்.

நான் பேசவில்லை.

"அண்ணே? அப்புறம் என்னா ஆச்சு?"

அடுத்த நொடி அவர் மணியை அழுத்திக்கொண்டே கத்தினார். "மிஸ்ஸி! ஓடியாங்க! இந்த ஆளு பேசாம இருக்காரு!"

ஓடி வந்தார்கள். ஊசி போட்டார்கள். மூச்சு திரும்பியது. மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கொஞ்சம் தாமதித்திருந்தால் சிரமம் என்றார் டாக்டர்.

"எப்படி பாய் கண்டுபிடிச்சீங்க?" என்று பிறகு கேட்டேன்.

"நேத்துலருந்து வாய் மூடல. கத முடியிற நேரத்துல நிறுத்துற ஆளா நீங்க?"

அன்று திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதேன். பாய் இப்போது தன் பங்குக்குப் பொய்க் குறட்டை விட்டார், என் அழுகை கேட்காததுபோல். நான் கேட்ட தனி அறை கிடைத்திருந்தால், கதவைச் சாத்திக்கொண்டு சுவரிடம் அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன். சுவர் "அப்புறம்?" என்று கேட்டிருக்காது. பதில் வரவில்லை என்று நான் நினைத்த நாளெல்லாம், ஆண்டவர் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஆள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கார்டு தன் பங்கைக் கட்டியது, நான் என் பங்கைக் கட்டினேன். ஷாலினி சொன்னதுபோல் இரண்டு பேரும் தாக்குப்பிடித்தோம்.

என்னைப்போல் ரிட்டயராகித் தனியாக இருப்பவர்களே, பிளான் சின்னதானாலும் கார்டை விட்டுவிடாதீர்கள். ஜெபத்தையும் விட்டுவிடாதீர்கள். கேட்டது வராவிட்டால், வந்ததன் பக்கம் கொஞ்சம் திரையை விலக்கிப் பாருங்கள். யாரும் வராத வெட்கத்தைக் கர்த்தரிடம் கொடுங்கள். அவர் அதை வைத்தே ஓர் ஆளை அனுப்புவார்.

இப்போது சனிக்கிழமைதோறும் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போகிறேன். பாய் கடையில் நாற்காலி போட்டு, டீ சொல்லிவிட்டு, "அப்புறம்?" என்பார். அந்தக் கல்யாண ரயில் கதையின் முடிவை மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால், அடுத்த சனிக்கிழமை போக எனக்கு ஒரு சாக்கு வேண்டுமே.