துணியின் எடை தனி

முதலில் துணியை மட்டும் நிறுத்து எழுதிக்கொள்வாள் பவளம். அதன் பிறகுதான் அந்தத் துணியில் பிறந்த பிள்ளையைக் கிடத்தி, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசின் கொக்கியில் மாட்டுவாள். "கூடைக்கு, ஈரத்துக்குன்னு கொழுந்து எடையில கணக்கெழுதுற கிராணி கண்ணாலேயே கழிச்சிடுவாரு. எம் புள்ளைங்ககிட்ட அது நடக்காதுலா."

கம்போங் ராஜா என்ற ஊருக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தின் ஆஸ்பத்திரி ஆயா அவள். படிப்பு நான்காம் வகுப்பு. காலில் ஆண்கள் போடும் பூட்ஸ், கொண்டையில் செருகிய பேனா. பென்சிலைத் தொடவே மாட்டாள். "பென்சில்ல எழுதுனா அழிக்கச் சொல்லுவானுங்க."

எழுபத்தெட்டில் ஆராய்ச்சிக்கென்று கோலாலம்பூரிலிருந்து வந்த டாக்டர் நாகரத்தினம், தோட்டத்து ஆயாக்களுக்கு மூன்று நாள் பாடம் நடத்தினார். மற்றவர்கள் பிஸ்கட்டுக்குப் போனார்கள். பவளம் பாடத்துக்குப் போனாள். பிறந்த அன்றே நிறுக்க வேண்டும். இறந்து பிறந்ததையும் எழுத வேண்டும். தாய் எத்தனை மாதம் வரை, எந்தச் சரிவில் வேலை செய்தாள் என்பதையும் விடக்கூடாது.

மூன்று வருடம் எழுதிய பிறகு ஒருநாள் நோட்டின் பக்கங்களைப் புரட்டியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிறைமாதம் வரை மேல்மலையில் கூடை சுமந்தவர்களின் பிள்ளைகள்தாம் இரண்டரைக் கிலோவைத் தொடாதவை. இதை எந்த டாக்டரும் சொல்லித்தரவில்லை, அவளே கண்டுபிடித்தாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஏறும் கர்வம் பார்க்கப் பார்க்க அழகு.

நாளை டாக்டர் வருகிறார். நோட்டைக் காட்டி, ஆறு மாதத்துக்கு மேல் கர்ப்பிணிகளை மேல்மலைக்கு அனுப்ப வேண்டாம் என்று அவரும் பவளமும் தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்கப்போகிறார்கள். போன வாரம் மேல்மலையிலிருந்து இறங்கிய வேலாயிக்குப் பிள்ளை இறந்தே பிறந்தது. இரண்டு கிலோகூட இல்லை.

கிராணி அமிர்தலிங்கம் காலையிலேயே வந்துவிட்டார்.

"ஏ பவளம், மூச்சே விடாத புள்ள எப்படிலா கணக்குல வரும்? அந்தப் பக்கத்தக் கிழிச்சிரு. தொரை பாத்தா எனக்குத்தான் ஏச்சு."

"மூச்சு விடலைன்னா எடை இல்லாமப் போயிருமா, கிராணியாரே? பெத்தவ அங்க லயத்து வீட்டுல பால் கட்டிக்கிட்டுத் துடிக்கிறா."

"நான் சொல்றதச் செய்."

பவளம் கொண்டையிலிருந்து பேனாவை உருவினாள். வேலாயியின் பெயருக்கு நேரே, குறிப்பு என்ற கட்டத்தில் நிதானமாக எழுதினாள்: 'இந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொன்னவர் கிராணி அமிர்தலிங்கம்.' தேதியும் போட்டாள். பிறகு நோட்டை அவர் பக்கம் திருப்பிவைத்து, கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினாள்.