டாக்டர் சொன்ன விரதம்

மைதானத்தில் விழுந்து நான் முழங்காலில் வாங்கிய சிராய்ப்பு ஒரே வாரத்தில் பொருக்குத் தட்டி உதிர்ந்துவிட்டது. அப்பா காலில் ஆணி குத்திய புண்ணோ மூன்று மாதமாகியும் வாயை மூடவில்லை. அப்பா கொத்தனார், உடம்பில் சர்க்கரை. ஆறாவிட்டால் கட்டைவிரலை எடுக்கவேண்டி வரும் என்று விழுப்புரத்து டாக்டர் சொல்லிவிட்டார். விரல் போனால் சாரத்தில் எப்படி ஏறி நிற்பது என்ற கேள்வியை வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

முகக்கவசத்துக்குள்ளிருந்து டாக்டர் கடைசியாகச் சொன்னது அம்மாவின் காதில் சந்தேகமில்லாமல் விழுந்தது. தினமும் விரதம் இருக்கணும். சாமி படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காத அப்பாவும், இவ்வளவு படித்தவர் சொன்னால் காரணமிருக்கும் என்று அடங்கிப் போனார். அன்றிலிருந்து வீட்டில் முட்டை இல்லை, மீன் இல்லை. பகலில் ஒரு டம்ளர் கேப்பைக் கஞ்சி, ராத்திரி இரண்டு இட்லி. அவர் தனியாகப் பட்டினி கிடக்க வேண்டாமென்று அம்மாவும் இருந்தாள். எனக்கு மட்டும் விலக்கு. நானும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

அடுத்த மாதம் கட்டைப் பிரித்தபோது புண் இன்னும் பெரிதாகியிருந்தது. என்ன சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டார்.

“நீங்க சொன்னபடியே ஒரு நாள் விடாம விரதம் இருந்துக்கினு வர்றாரு சார்” என்றாள் அம்மா, பெருமையாக.

டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றினார். “நான் சொன்னது புரதம். சாப்பாட்டுல தினமும் புரதம் இருக்கணும்னு சொன்னேன்மா.”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அப்பாவின் தொழிலை வைத்தே விளக்கினார். முட்டை, பருப்பு, மீனில் இருக்கிற புரதம்தான் புதுத் தோலுக்குச் செங்கல். ஆறாத புண்ணில் கட்டுகிற ஆளைவிட இடிக்கிற ஆள் அதிகம். கல்லும் வந்து சேராவிட்டால் சுவர் எப்படி எழும்பும்? அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பஸ் ஏறுவதற்கு முன்பே முட்டை வாங்கிவிட்டாள். காலையில் முட்டை, மத்தியானம் பருப்பு, சாயந்திரம் மல்லாட்டை, அதாவது வேகவைத்த நிலக்கடலை. கடைசி வாய் உள்ளே போகும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். மாத்திரையும் கட்டும் ஒரு பக்கம் நடந்தன. புண்ணின் ஓரம் மெல்ல உள்ளே நகர்ந்து, பொங்கலுக்குள் மூடிவிட்டது. விரல் தப்பியது.

ஆனால் அதுவரைக்கும் அம்மா மட்டும் கஞ்சியை விடவில்லை. “அது விரதம் இல்லம்மா, புரதம்” என்று தினமும் கிண்டல் செய்வேன். “தெரியும் போடி” என்பாள். அம்மாவுக்கு அந்த வார்த்தை கடைசிவரை பிடிபடவே இல்லை என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தேன். கட்டின மனுஷனைத் தன் கையாலேயே ஒரு மாதம் பட்டினி போட்டுவிட்டோமே என்று அவள் தன் வயிற்றைத் தண்டித்துக்கொண்டிருந்தது அந்த வயதில் எனக்கு எங்கே புரிந்தது.